பாரத்துக்கு ஏற்ற காற்று

எங்கள் காரின் சாரதிக் கதவைத் திறந்தால், கதவு மூடும் இடத்தில் ஒரு சிறிய ஒட்டுத்தாள் இருக்கிறது. பாவித்த கார், கப்பலில் வந்தது. ஒட்டுத்தாளின் எழுத்து எனக்குத் தெரியாத மொழி. ஆனால் படமும் இலக்கமும் விளங்கும். இடது நிரலில் இரண்டு மனித உருவங்கள். வலது நிரலில் ஐந்து உருவங்களும் ஒரு பயணப்பெட்டியும். அவர்களுடைய அலகை எங்கள் அலகுக்கு மாற்றினால், இரண்டு பேர் போவதற்கு நான்கு ரயருக்கும் காற்று முப்பது. ஐந்து பேரும் பெட்டியும் போவதற்கு முன்னுக்கு முப்பத்திரண்டு, பின்னுக்கு முப்பத்தாறு. காலையில், ஓடுவதற்கு முதல், ரயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்கவேண்டும். ஒரு பொருள் தன்னைப் பற்றி இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

எங்கள் கார் இடது நிரலில் ஒருநாளும் ஓடியதில்லை.

என்னுடைய வேலையும் காற்றுத்தான். தொழில்நுட்பக் கல்லூரியில் டிப்ளோமா முடித்து, கிளிநொச்சிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களுக்கு அமுக்கக் காற்றுப் போகும் குழாய்களைப் பார்க்கிறேன். எங்கே அமுக்கம் குறைகிறது, எந்த மூட்டில் கசிகிறது என்று சவர்க்கார நுரையைத் தடவித் தேடிக்கொண்டு திரிவேன். ஓரிடத்தை அடைத்தால் இன்னோரிடத்தில் சீறும். எனக்கு விடுமுறை புதன்கிழமை. அம்மாவுக்கு யாழ்ப்பாணத்து ஆசுபத்திரியில் உடற்பயிற்சி நாளும் புதன்கிழமை. அப்படி அமையவேண்டும் என்று நான்தான் விடுமுறையை மாற்றிக் கேட்டேன். அதனால் ஆறு நாள் தொழிற்சாலைக் காற்று, ஏழாம் நாள் ரயர்க் காற்று.

அம்மா போன மாரியில் வயல் வரம்பில் வழுக்கி விழுந்தா. முதுகெலும்பில் வெடிப்பு. சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது, ஆனால் வலது காலில் பலம் வரவில்லை. நான்கு கால் உள்ள ஒரு அலுமினியச் சட்டகத்தைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பா. அடுத்த மழை தொடங்கும்வரை கிழமை தவறாமல் வந்து பயிற்சி செய்தால் சட்டகத்தை விட்டுவிடலாம், இடையில் நிறுத்தினால் கால் சூம்பிவிடும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். அதை அவர் அம்மாவிடம் சொன்னார். நாங்கள் மூன்று பேரும் கேட்டோம்.

எங்கள் வீடு ஜெயபுரத்தில், பிரதான வீதியில் இருந்து நாலைந்து கிலோமீற்றர் உள்ளே. பிரதான வீதி கார்ப்பெற் போட்ட நல்ல தார் வீதி. பூநகரி தாண்டி, சங்குப்பிட்டிப் பாலத்தில் ஏறி, யாழ்ப்பாணம் போகும்வரை ஒரு குலுக்கல் இல்லை. உள்வீதிதான் தார் போடாத கிரவல். உழவு மிசின்களும் தண்ணீர் பவுசரும் ஓடி ஓடி அது சலவைப் பலகை மாதிரி வரிவரியாகிவிட்டது. வரி இல்லாத இடத்தில் பள்ளம்.

இந்த ஊரில் யாழ்ப்பாணம் போகிற கார் வெறுமையாகப் போகாது. அதை யாரும் சட்டமாகச் சொன்னதில்லை. ஆனால் ஒரு கதிரை காலியாக இருக்க ஒரு கார் சந்தியைக் கடந்தால், அந்த வீட்டுக்காரரைப் பற்றிப் பின்னேரம் கதை வரும். இதில் அம்மாவைப் போலக் கறாரானவர் வேறு ஆளில்லை. தன்னால் குனிய முடியாது, ஆனால் கதிரையில் இருந்தபடியே காரில் சாமான் ஏற்றுவிப்பா.

"அரிசியை வைச்சாச்சோ?"

"அம்மா, சின்னம்மா வீட்டை போன கிழமையும் அரிசி குடுத்தனாங்கள்."

"அவளின்ரை வீட்டை போய்ப் படுத்தெழும்பி, தேத்தண்ணி குடிச்சு வாறம். வெறுங்கையோடை போறதோ? தேங்காயையும் வை."

சின்னம்மாவின் வீடு ஆசுபத்திரிக்குக் கிட்ட. பயிற்சி முடிந்து அம்மா அங்கேதான் சாய்ந்து படுப்பா.

நான் எதையும் பட்டியலாகத்தான் யோசிப்பேன். ஒரு புதன்கிழமையின் பட்டியல் இது: நான், பக்கத்தில் அம்மா, பின்னுக்கு அப்பா, அவருக்குப் பக்கத்தில் அயல்வீட்டு அக்கா, அக்கா சந்தைக்குக் கொண்டுபோகும் முருங்கைக்காய்ச் சாக்கு, அவவின் கச்சான் கடலைப் பை, அம்மாவின் சட்டகம், அரை மூடை அரிசி, ஒரு உரப்பை தேங்காய், அம்மா சாய்வதற்கு ஒரு மெத்தைத் துண்டு, தண்ணீர்க் கலன். அக்கா ஏறுவதற்கு முதல் எட்ட நின்று காரைப் பார்த்தா. அவவின் பெற்றோர் தேயிலைத் தோட்டத்தில் இருந்து வந்து இங்கே குடியேறியவர்கள். அவவின் பேச்சில் இன்னும் அந்த மலைப்பக்கம் இருக்கிறது.

"என்னா தங்கச்சி, காரு மூக்கத் தூக்கிக்கிட்டு நிக்கிது? பறக்கப் போவுதா?"

"நீங்கள் ஏறினால் பறக்கும் அக்கா."

"நான் ஏறுனா குந்திரும். பரவால்ல, ஓரமா ஒட்டிக்கிறேன்."

அந்தக் காலத்தில் எனக்கு ஒரு விசயம் பிடிபடவில்லை. செவ்வாய்க்கிழமை பின்னேரம் நான் காற்றை அளந்து, முப்பத்தாறு வைத்துவிட்டுப் படுப்பேன். புதன் காலையில் பின் ரயர்கள் தட்டையாகத் தெரியும்; திரும்ப அடித்துக்கொண்டு வெளிக்கிடுவேன். இரண்டு தரம் சவர்க்கார நுரை தடவிப் பார்த்தேன். ஒரு குமிழி இல்லை. வேலைத்தலத்தில் கசிவைக் கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிற எனக்கு, வீட்டுக் கார் கசிகிற இடம் தெரியவில்லை.

மூன்றாம் புதன்கிழமை நான் கொஞ்சம் முந்தி எழும்பிவிட்டேன். முற்றத்தில் 'உஸ்' என்று ஒரு சத்தம். பாம்பு என்று நினைத்து விளக்குமாற்றோடு போனால், அப்பா பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, நெருப்புக்குச்சியால் வால்வை அமத்திக்கொண்டிருந்தார்.

"என்னப்பா செய்யிறியள்?"

"காத்துக் கொஞ்சம் இறக்கிறன்."

"இவ்வளவு நாளும் நீங்களோ இறக்கினது?"

"பாரம் கூடவெல்லே பிள்ளை. சேத்துக்குள்ளை உழேக்கை மிசினுக்கு இறக்கிறதுதானே. பாரம் எண்டால் ரயர் பரந்து நிக்கவேணும். விறைச்சு நிண்டால் வெயிலுக்கு வெடிக்கும்."

"அது சேறு அப்பா. மிசின் நடை வேகத்திலை போறது. இது தார் ரோட்டிலை எழுபதிலை ஓடுறது."

அப்பா குச்சியை எடுக்கவில்லை. வீட்டுப் பக்கம் கண்ணைக் காட்டினார்.

"கொம்மா கேட்டவ. மெத்தெண்டு இருந்தால் அவவுக்குக் குலுங்காது."

அன்றைக்கு அப்பாவின் காற்றோடுதான் போனோம். உள்வீதியில் அம்மா கண்ணை மூடிக்கொண்டு வந்தா. அவவின் முகத்தில் நோ தெரியவில்லை. பிரதான வீதியில் ஏறினபிறகு கார் சரியாக நிற்கவில்லை. ஸ்ரியரிங்கைத் திருப்பினால் கொஞ்சம் பொறுத்துத்தான் திரும்பியது, தூக்கத்தில் இருந்து எழுப்பிய ஆள் மாதிரி. பூநகரி தாண்டும்போது றப்பர் மணத்தது. ஓரத்தில் நிறுத்தி, பின் ரயரின் பக்கச் சுவரில் புறங்கையை வைத்தேன். வைத்த வேகத்தில் எடுத்தேன்.

காற்றுக் குறைந்த ரயர் பாரத்தின் கீழே ஒவ்வொரு சுற்றிலும் மடிந்து நிமிரும். மடிகிற இடம் சூடாகும். சூடு கூடினால் உள்ளே படைபடையாக ஒட்டியிருப்பது பிரியும். வெயிலில் வெடிக்கிற ரயர்களில் கனக்க, காற்றுக் கூடினதால் அல்ல, குறைந்ததால்தான் வெடிக்கின்றன. இதை நான் வீதியோரத்தில் நின்று அப்பாவுக்குச் சொன்னேன். அவரும் கையை வைத்துப் பார்த்தார்.

"சுடுகுதுதான்," என்றார்.

காருக்குள்ளே இருந்து அம்மாவின் குரல் வந்தது. "ஏன் நிப்பாட்டினீங்கள்? நல்லா வந்தது. இண்டைக்குக் குலுங்கவே இல்லை."

காரின் சிகரெட் பற்றவைக்கிற துளையில் மின்சாரம் எடுத்து ஓடும் சின்னப் பம்பு ஒன்று என்னிடம் இருக்கிறது. ரயர் ஆறும்வரை பொறுத்து, அதை மாட்டிக் காற்றடித்தேன். ஒரு கையளவு பெட்டி, ஆனால் ஆட்டை அறுக்கிற மாதிரிக் கத்தும். அன்று முழுக்க எனக்கு ஒன்றுதான் மனதில் ஓடியது. பாலத்தில், பக்கத்தில் கடல்நீர் நிற்க, நாலு பேரோடு ஒரு பின் ரயர் வெடித்தால் நான் எந்தப் பக்கம் திருப்புவேன்?

அடுத்த புதன்கிழமைக்கு முதல்நாள் இரவு அப்பாவிடம் நெருப்புப்பெட்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். காலையில் முன்னுக்கு முப்பத்திரண்டு, பின்னுக்கு முப்பத்தாறு. ஒட்டுத்தாளில் உள்ளபடி. ஏற்ற வேண்டிய எல்லாம் ஏற்றினோம். வீட்டு வாசல் படலையைத் தாண்டின முதல் பள்ளத்திலேயே பின்னுக்கு 'டொம்' என்று ஒரு அடி. அம்மா கதவுக்கு மேலே உள்ள கைப்பிடியைப் பிடித்தா. அடுத்த பள்ளம், அடுத்த அடி. மெதுவாகப் போனேன். இன்னும் மெதுவாகப் போனேன். ஒரு சைக்கிள் எங்களை முந்திப் போனது. அம்மா சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். வாயை இறுக்கி, நேரே பார்த்துக்கொண்டிருந்தா. நெற்றியில் வேர்வை.

சந்திக்கு வந்ததும் சொன்னா, "பிள்ளை, திருப்பு."

"அம்மா, இனித் தார்தானே. இனிக் குலுங்காது."

"திருப்பு எண்டு சொல்லுறன்."

அக்கா முருங்கைக்காய்ச் சாக்கோடு சந்தியில் இறங்கிக்கொண்டா. நாங்கள் அதே நாலைந்து கிலோமீற்றரைத் திரும்ப அடிபட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். கட்டிலில் படுக்க வைத்தபிறகு அம்மா கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னா, "ஆசுபத்திரி ஒட்டிறதை ரோட்டு உடைக்குது. நான் இனி வரேல்லை."

"அம்மா, கால்…"

"காலைப் பிறகு பாப்பம்." பிறகு, கோபம் இல்லாமல், "உன்ரை நம்பர் சரியெண்டு எனக்குத் தெரியும் பிள்ளை. என்ரை நாரி எலும்புக்கு நம்பர் வாசிக்கத் தெரியாது," என்றா.

அப்பா என்னைப் பார்க்கவில்லை. நான் வாங்கி வைத்த நெருப்புப்பெட்டி குசினி அலுமாரிக்கு மேலே இருந்தது.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு படுக்கப் போனேன். நித்திரை வரவில்லை. எழும்பிப் போய்க் காரில் இருந்த சாமான் எல்லாவற்றையும் இறக்கினேன். ஏதோ செய்யவேண்டும் என்பதற்காக. தேங்காய்ப் பையையும் அரிசியையும் இறக்கும்போது கார் ஒரு பெருமூச்சு விட்டு எழும்பியது. பின் சக்கரத்துக்கும் அதற்கு மேலே உள்ள வளைவுக்கும் நடுவே, பாரத்தோடு மூன்று விரல் போகும். இப்போது கை முழுக்கப் போனது. குனிந்து ரோச்லைற் அடித்துப் பார்த்தேன். ஸ்பிரிங் முழுதாக அமர்ந்தால் முட்டுவதற்கென்று ஒரு றப்பர்க் கட்டை உள்ளே இருக்கிறது. மற்ற இடமெல்லாம் கிரவல் தூசி அப்பியிருக்க, அந்தக் கட்டை மட்டும் தேய்ந்து பளபளத்தது.

அந்த 'டொம்' அதுதான். பாரத்தால் ஸ்பிரிங் ஏற்கெனவே பாதி அமர்ந்து, ஒவ்வொரு பள்ளத்திலும் கார் போய்க் கட்டையில் இடித்திருக்கிறது. அப்பாவின் மெத்தென்ற ரயர் அந்த இடியைக் கொஞ்சம் வாங்கிக்கொண்டது. என் ரயர் வாங்கவில்லை. நாங்கள் இரண்டு பேரும் காற்றைப் பற்றியே பிடிவாதம் பிடித்துக்கொண்டிருந்தோம். அம்மாவின் முதுகில் இடித்தது அரிசியும் தேங்காயும் நாங்களும்.

கதவைத் திறந்து ஒட்டுத்தாளை மறுபடி பார்த்தேன். இடது நிரல். இரண்டு உருவங்கள், முப்பது. பக்கத்தில் பெட்டி இல்லை.

இரவுச் சாப்பாட்டுக்கு முதல் அம்மாவிடம் சொன்னேன். "ஒரே ஒரு புதன்கிழமை. நீங்களும் நானும் மட்டும். அரிசி இல்லை, தேங்காய் இல்லை, வேறை ஆள் இல்லை. அதுக்குப் பிறகும் நொந்தால் நான் கேக்கமாட்டன்."

அம்மாவுக்கு முதுகு நோவை விட இது பெரிய நோவாக இருந்தது. "வெறுங்காரோடையோ? சனம் என்ன சொல்லும்? அவள் முருங்கைக்காயை என்னெண்டு கொண்டுபோறது?"

அக்கா அந்த நேரம் அம்மாவைப் பார்க்க வந்து, வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தா.

"ஏன்க்கா, எங்க பாரத்தால உங்களுக்கு நோவுதுன்னு சொன்னா நாங்க என்ன சண்டைக்கா வரப்போறோம்? இத்தன நாளா இந்த வாயத் தொறக்காம வந்தீங்களா?"

"அப்பிடியில்லை…"

"எப்பிடியில்ல? நான் பஸ்ஸில போவேன். பஸ்ஸு என்னா, என்னயப் பாத்தா மூக்கத் தூக்கவா போவுது?"

அப்பா தொண்டையைச் செருமினார். "நானும் பஸ்ஸிலை வாறன். அரிசியை மோட்டச்சைக்கிள்ளை சந்திமட்டும் கொண்டுபோறன். உங்களை ஆசுபத்திரி வாசல்லை வந்து பிடிக்கிறன்."

அம்மா என்னை அக்காவுக்குத் தேத்தண்ணி போடச் சொன்னா.

அந்தப் புதன்கிழமை நான்கு ரயருக்கும் முப்பது. காருக்குள் நானும் அம்மாவும், பின் இருக்கையில் சட்டகமும். அப்பாவும் அக்காவும் முந்தியே வெளிக்கிட்டுவிட்டார்கள். நான் பழையபடி மெதுவாகத்தான் ஓட்டினேன். முதல் பள்ளம் வந்தது; கார் இறங்கி ஏறியது. வரிகளில் கடகடவென்று அதிர்ந்தது, ஆனால் எதுவும் இடிக்கவில்லை. அம்மா கைப்பிடியைப் பிடித்தபடியே வந்தா. பாதி வழியில் கையை இறக்கி மடியில் வைத்தா.

"பெரிய பள்ளம் இன்னும் வரேல்லையோ?"

"அதைத் தாண்டியாச்சு அம்மா."

கண்ணாடியால் வெளியே எட்டிப் பார்த்தா. பிறகு, "ஆரும் கண்டிருப்பினம், வெறுங்காரை," என்றா.

சந்திக்கு வந்தோம். அப்பாவும் அக்காவும் அரிசி, தேங்காய், முருங்கைக்காய்ச் சாக்கு எல்லாவற்றையும் காலடியில் வைத்துக்கொண்டு பஸ் தரிப்பில் நின்றார்கள். ஒரு பஸ் நிறைய ஆட்களோடு நிற்காமல் போய்விட்டதாம். எங்களைக் கண்டதும் இரண்டு பேரும் வேறு பக்கம் பார்த்தார்கள். தங்களைக் கண்டு அம்மா மனம் மாறிவிடக்கூடாது என்று அப்படிச் செய்தார்கள் என்று நினைக்கிறேன்.

"நிப்பாட்டு," என்றா அம்மா.

"அம்மா, அடுத்த பஸ் வரும்."

"பஸ் வரும்தான். கட்டின மனுசனை அரிசி மூடையோடை வெயிலுக்கை விட்டிட்டு, நான் கை வீசிக்கொண்டு காரிலை போறதோ? என்னாலை ஏலாது பிள்ளை. நொந்தால் நோகட்டும்."

நான் நிறுத்தினேன். கோபம் வந்தது, கோபப்படக் களைப்பாகவும் இருந்தது. இந்த ஒரு நாளை உண்டாக்க நான் எத்தனை கதை கதைத்திருப்பேன். ஸ்ரியரிங்கில் கையை வைத்தபடி முன்னுக்குப் பார்த்தேன். முன்னுக்குக் கறுப்பாக, மட்டமாக, ஒரு பள்ளம் இல்லாமல் வீதி கிடந்தது. இனி இடிக்க ஒன்றும் இல்லை. இனி இருப்பது வேகமும் சூடும் மட்டும். அதற்கு வலது நிரல் இருக்கிறது.

இறங்கிப் பம்பை எடுத்து மாட்டினேன். வால்வு மூடிகளைக் கழற்றி, வைக்க இடமில்லாமல், திறந்த கண்ணாடிக்குள்ளால் அம்மாவின் கையில் கொடுத்தேன். பம்பு கத்தத் தொடங்கியது. பஸ் தரிப்பில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"இப்ப என்னா பண்ற தங்கச்சி?" என்று அக்கா கேட்டா.

"ரெண்டு பேர்க் காரை அஞ்சு பேர்க் காராக்கிறன் அக்கா. சாமானை ஏத்துங்கோ."

அம்மா அன்று பயிற்சி செய்தா. திரும்பி வரும்போது சந்தியில் எல்லாரையும் எல்லாவற்றையும் இறக்கினோம். அப்பா மோட்டச்சைக்கிளில் அக்காவை ஏற்றிக்கொண்டு வந்தார். அடுத்த புதன்கிழமை அம்மாவிடம் வருவீர்களா என்று நான் கேட்கவில்லை. காலையில் உடுத்தி ஆயத்தமாகக் கதிரையில் இருந்து, "அரிசி மோட்டச்சைக்கிள்ளை ஏறிற்றுதோ?" என்று கேட்டா.

அன்றில் இருந்து ஒவ்வொரு கிழமையும் இதுதான். காலையில் வீட்டில் முப்பது. சந்தியில் முப்பத்திரண்டும் முப்பத்தாறும். பின்னேரம் சந்தியில் சாமானை இறக்கியபின் அப்பா தன் நெருப்புக்குச்சியை எடுப்பார். அந்த வேலை அவருக்கு. ஓடிவந்த ரயர் சூட்டில் கூடுதலாகக் காட்டும் என்பதால் முப்பத்திமூன்றில் நிறுத்தச் சொல்வேன். "இன்னும் கொஞ்சம் இறக்கட்டே?" என்று அவர் கேட்காத நாள் இல்லை. "காணும் அப்பா" என்று நான் சொல்லாத நாளும் இல்லை. கிரவல் போட்ட வீதிக்குத் தார் போட்டால் இதொன்றும் தேவையில்லை. அதுவரை பம்பு கத்தும், பஸ் தரிப்பில் நிற்பவர்கள் பார்ப்பார்கள், நான் தூசியில் குந்தியிருந்து பம்பின் அளவுமானி முள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஆறு நாளும் பார்த்த அதே முள்.

போன புதன்கிழமை நான் மூன்றாவது சக்கரத்தில் குந்தியிருக்கும்போது, காரின் மறுபக்கத்தில் கதவு திறந்த சத்தம் கேட்டது. மூடிகளை அம்மா வழக்கமாக மடியில் வைத்துக்கொண்டு கண்ணாடிக்குள்ளால் ஒவ்வொன்றாக நீட்டுவா. அன்று, சாமான் ஏற்ற வெளியே எடுத்து வைத்திருந்த சட்டகத்தை ஊன்றி இறங்கி, காரைச் சுற்றிக்கொண்டு என்னிடம் வந்தா. குனிய ஏலாது. நின்றபடி கையை நீட்டி ஒரு மூடியைத் தந்தா. நான் பூட்டினேன். நாலாவது சக்கரத்துக்கு நான் போக, சட்டகத்தை மூன்றாவது சக்கரத்தடியிலேயே விட்டுவிட்டு, காரின் உடம்பைத் தடவித் தடவிப் பின்னால் வந்தா. வலது கால் கொஞ்சம் இழுபட்டது. நானும் அப்பாவும் அதைக் காணாத மாதிரி இருந்தோம்.

அக்காவுக்கு அப்படி இருக்கத் தெரியாது. "என்னாக்கா, காரச் சுத்திக் கும்புடுறீங்களா? அப்ப ஒரு தேங்காயும் ஒடச்சிருவோமா?"

"தேங்காய் அவளின்ரை வீட்டுக்கு," என்றா அம்மா, மூச்சு வாங்கியபடி. "நீ பேசாமல் ஏறு."

பம்பின் முள் முப்பத்தாறில் நின்றது. நான் நிறுத்தினேன். அம்மா கையை விரித்தா. கடைசி மூடி வேர்வையில் உள்ளங்கையோடு ஒட்டியிருந்தது.